அண்ணன் எழுதிய பன்னிரண்டாவது சான்று

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு பழகியவர்களுக்கும், பழகாமலே அவரைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இதை அலமாரியில் செருகிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ மலர்களை நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இதை மட்டும் முடிவு வரை படித்துவிட்டு வையுங்கள் என்று அண்ணனின் ஒரே தங்கையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னை எழுதச் சொன்னது அண்ணி. பிள்ளைகள் இருவரும் படித்தவர்கள், அவர்கள் எழுதட்டுமே என்றேன். "அவுங்களுக்கு வூட்டுல இருந்த அப்பாவத்தான் தெரியும். பாங்கில இருந்த மனுசன பாத்தவ நீதாம்மா" என்றார். எதை எழுத, எதை விட என்று கேட்டேன். "எத விட்டாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டார். 

அண்ணன் பிறந்தது திருப்புட்குழியில், எங்கள் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். மூன்றாம் மாதத்தில் பிள்ளையார்பாளையத்துக்குத் தூக்கி வந்தார்கள். நாங்கள் திருநீறு பூசுகிற குடும்பம். ஆனாலும் பிறந்த ஊர்ப் பாசத்தில் வருஷம் ஒரு முறை அங்கே இருக்கும் பெருமாளையும் பார்த்துவிட்டு வருவார். "ரெண்டு எடத்துல கணக்கு வெச்சிக்கினா சாமி கோவிச்சிக்காது, நம்ம டைரக்டருங்கதான் கோவிச்சிக்குவாங்க" என்று சிரிப்பார். பாங்கு வேலை அவருக்குள் அந்த அளவுக்கு ஊறிப் போயிருந்தது.

அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அப்பா விட்டுப் போன தறிக்குழியில் அன்று இறங்கியவர், பள்ளிக்கூடத்தையும் விடவில்லை. விடிந்ததும் தறி, ஒன்பது மணிக்குமேல் பள்ளிக்கூடம், வந்து மறுபடி தறி. அம்மா நூல் சுற்றிக் கொடுப்பார். அப்படியே எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். நெசவாளர்கள் பங்குத்தொகை போட்டு நடத்திய சின்னக் கூட்டுறவு பாங்கு ஒன்றுக்கு எழுத்து வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எழுதத் தெரிந்த நெசவாளி என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முப்பது வயது தாண்டியதும் அவரே செகரட்டரி ஆனார். என்னையும் எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். இரண்டு தெரு தள்ளிக் கூப்பிடு தூரத்தில் கட்டிக் கொடுத்தார். என் கணவர் இரண்டு தறிக்காரர். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று இரண்டையும் பிடித்துச் சேர்த்து நெய்கிற கோர்வை வேலையில் அவர் கைக்கு எங்கள் தெருவில் இணை கிடையாது. பின்னால் எழுதப் போவதை எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணனின் பாங்கை ஊரில் எல்லோரும் "நம்ம பாங்கு" என்பார்கள். ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. காலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், பிறகு சாயங்காலம் தறிச் சத்தம் அடங்கிய பிறகு திறக்கும். நெசவாளி தறியை விட்டு இறங்கும் நேரந்தான் பாங்கின் நேரம் என்பது அண்ணன் வைத்த ஏற்பாடு. அமாவாசை அன்று எங்கள் ஜனங்கள் தறியில் உட்கார மாட்டார்கள் அல்லவா, அன்று பாங்கு முழு நாளும் நடக்கும். காலண்டரில் சர்க்கார் விடுமுறை சிவப்பில் இருக்கும். அண்ணன் அமாவாசைகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பார். அன்று பிற்பகலில் குடையை எடுத்துக்கொண்டு, வர முடியாதவர்கள் வீட்டுக்கு அவரே போய்த் தவணை வாங்கி, அங்கேயே ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.

கடன் கொடுப்பதிலும் அவருக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. விதிப்படி இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் போட வேண்டும். அது முடிந்த பிறகும் அண்ணன் கடன் கேட்டவர் வீட்டுக்கு நடந்து போவார். அவர் தறியின் மேல் கையை வைத்து, எப்போது கட்டி முடிப்பேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. எங்களவர்கள் கோயிலில் சூடம் அணைத்துக்கூடப் பொய் சொல்லிவிடுவார்கள், தறியைத் தொட்டுக்கொண்டு சொல்ல மாட்டார்கள். அண்ணனும் அந்தக் குழியில் உட்கார்ந்து சோறு தின்றவர், அதனால் அவருக்கு அது தெரிந்திருந்தது.

இப்படி இருந்த ஊரில் ராஜ வீதியில் பெரிய பாங்கு ஒன்று கிளை திறந்தது. கண்ணாடித் தடுப்பு, வாடிக்கைக்காரர் தலைக்கு மேலே மின்விசிறி, பித்தளை டோக்கன். பத்து மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். நெசவாளி போக வேண்டும் என்றால் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு சலவை வேட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். இது எங்கே நம் ஊரில் ஓடப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் போனவர்கள் பட்டு வியாபாரிகள். பெங்களூரிலிருந்து பட்டு நூல் வர வேண்டும், சூரத்திலிருந்து சரிகை வர வேண்டும். பெரிய பாங்கில் காலையில் பணத்தைக் கட்டினால் மத்தியானம் டிராப்டு கையில் இருக்கும். நம்ம பாங்கின் கை ஊர் எல்லையைத் தாண்டாது. அண்ணன் அதற்கு வருத்தப்பட்டாரே தவிர கோபப்படவில்லை. "பெங்களூருக்கு நம்மால கை நீட்ட முடியல. அவுங்க வியாபாரத்த நாம கெடுக்கலாமா" என்றார்.

அடுத்தபடி சேமிப்புப் பணம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர ஆரம்பித்ததுதான் அவருக்குப் புரியவில்லை. நாம் கொடுக்கிற வட்டி அங்கே கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதல். நடையும் குறைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொல்லும் பாங்கு இது. ஒருநாள் எங்கள் உறவிலேயே ஒருவர், ஆரம்பப் பள்ளி வாத்தியார், மொத்தத்தையும் எடுக்க வந்தார். என்ன குறை என்று அண்ணன் நேராகவே கேட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன். வாத்தியார் பாஸ் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"குறை ஒண்ணும் இல்லப்பா. இங்க நான் எவ்ளோ வெச்சிருக்கேன்னு தெருவுக்கே தெரியுது. பொண்ணு கல்யாணத்துக்குக் கைமாத்து கேட்டு மூணு பேரு வந்துட்டாங்க. அங்க என்ன ஒருத்தனுக்கும் தெரியாது, அதான் நிம்மதியா இருக்குது."

அண்ணன் கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கொடுத்தார். பெரிய பாங்கு எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று அன்றுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எல்லோரையும் தெரியும் என்பதைத்தான் அவர் தன் பாங்கின் பலமாக நினைத்திருந்தார். அதுவே சிலருக்குப் பாரமாக இருந்திருக்கிறது. அதே விஷயம் பின்னால் அவர் தலையிலேயே விழும் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபின் நிலைமை இன்னும் மாறியது. நெசவாளிக்கும் சின்னத் தொழில் செய்கிறவனுக்கும் கடன் கொடுங்கள் என்று அவர்களுக்கு உத்தரவு. தறி வாங்க, நூல் வாங்கக் குறைந்த வட்டியில் கொடுத்தார்கள், நம் பாங்கால் அந்த வட்டிக்குக் கொடுக்க வழியில்லை. ஆனால் அவர்களுக்கு நம் ஜனங்களில் ஒருவரையும் தெரியாது. ஆகவே கூட்டுறவு பாங்கில் பாக்கி எதுவும் இல்லை என்று அண்ணனிடமிருந்து ஒரு சான்று வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். பெரிய பாங்கு மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். அவரே நம் பாங்குப் படியேறி வந்து, "நீங்க எழுதிக் குடுத்தா போதும் சார், நான் வேற எதையும் பார்க்கமாட்டேன்" என்றார்.

டைரக்டர்கள் குதித்தார்கள். "நம்ம ஆளுங்கள நாமே தூக்கி அவன் மடியில போடணுமா" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அண்ணன் சொன்ன பதிலைப் பெரிய பாங்குப் பக்கம் போன எல்லோரும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இது பாங்குங்க, மாட்டுப் பட்டி இல்ல. கம்மி வட்டிக்குக் கிடைக்கறவன போவாதன்னு கட்டி வெச்சா, அப்பறம் நாம எதுக்கோசரம் இருக்கறோம்."

ஆனால் ஒரு சிக்கல். பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் சான்று, சான்று இருந்தால்தான் புதுக் கடன், புதுக் கடன் வந்தால்தான் பழைய பாக்கியைத் தீர்க்கக் கையில் பணம். இதில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் பன்னிரண்டு பேர். அண்ணன் அவர்கள் வீட்டுக்கு நடந்தார். புதுக் கடன் கைக்கு வந்த வாரத்துக்குள் நம்ம பாங்கை முதலில் தீர்க்கிறேன் என்று தறியில் கை வைத்துச் சொல்ல வைத்தார். அதை நம்பி, பாக்கி இருக்கும்போதே பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது தப்பு. என் அண்ணன் செய்த தப்பு அது ஒன்றுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை.

பதினொரு பேர் வீட்டுக்குப் போனபின் பன்னிரண்டாவதாக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவருக்கு மூன்றாவது தறி போட ஆசை. அன்று நடந்த பேச்சை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்ணன் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். தங்கை புருஷனிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்துச் சத்தியம் செய் என்று எங்களில் யாரும் கேட்டது கிடையாது.

"மாப்பிள்ள, நான் எல்லார்கிட்டயும் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன்..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாண்ணா, இவரையும் தெருவுல போறவங்களோட சேத்துட்டியா? எங்க வூட்டுக்காரரு சொன்னா சொன்னதுதான். கைய வெக்கச் சொல்லி அவர அசிங்கப்படுத்தாத" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீ சொன்னா அப்பால இன்னாம்மா" என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் கணவர் எழுந்து போய் விளக்கைத் தூண்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெளிச்சத்தில்தான் பன்னிரண்டாவது சான்று எழுதப்பட்டது.

மற்ற பதினொரு பேரும் சொன்னபடி வந்து கட்டினார்கள். ஒருவர் இரண்டு வாரம் பிந்தினார், அதற்கு வழியில் பார்த்த இடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது தறி வந்தது. மிச்சப் பணத்தில் என் கணவர் மாடி எடுக்க ஆரம்பித்தார். பாங்குப் பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "உங்கண்ணன்தான, எங்க ஓடிப் போறாரு. செங்கல்லு விலை ஏறிக்கினே போவுது" என்றார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். மாடி வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

அடுத்த தணிக்கையில் சான்றுகளின் தேதியும் பாக்கி தீர்ந்த தேதியும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கூட்டுறவுத் துறையிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். பதினொரு பேரும் அவரவராகவே பாங்குக்குப் போய் நின்றார்கள். "எங்களுக்கோசரம்தான் அவரு எழுதனாருங்க. நாங்கதான் கேட்டோம், நாங்க கட்டிட்டோம்" என்று ஒரே மாதிரி சொன்னார்கள். எதை நம்பிக் கொடுத்தீர்கள் என்று அதிகாரி அண்ணனைக் கேட்டாராம். அண்ணன் தறி விஷயத்தைச் சொன்னதும், அதை வாக்குமூலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டு யோசித்தாராம். கெட்ட மனிதர் இல்லை. பணம் வந்துவிட்டது, எச்சரித்து விடலாம், அந்தப் பன்னிரண்டாவது பாக்கியும் வந்துவிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்க அந்தப் பேச்சு வந்தது. அண்ணன் தப்பித்துவிட்டார் என்று நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

மறுநாள் காலை என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் அங்கே போய்ச் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "பாக்கிய நான் சான்று எழுதன அன்னிக்கே மச்சான் கையில குடுத்துட்டேங்க. எங்க வூட்டுக்கு வந்து வாங்கிக்கினு போனாரு." ரசீது எங்கே என்று கேட்டார்கள். "மச்சான்கிட்ட யாருனா ரசீது கேப்பாங்களாங்க" என்றார்.

அமாவாசை தோறும் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கியவர் அண்ணன். தங்கை வீட்டில் ரசீது எழுதியிருக்க மாட்டார் என்பதை யாரும் நம்புவார்கள். என் கணவருக்கு அது நன்றாகத் தெரியும். பாக்கி இருந்தது என்று ஒத்துக்கொண்டால் பொய்ச் சான்றில் வாங்கிய கடன் என்று பெரிய பாங்கு மொத்தத்தையும் ஒரே தடவையில் திருப்பிக் கேட்கும் என்ற பயம் அவருக்கு. பயந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பயந்தவர் பதினொரு பேர் போன வழியில் போயிருக்கலாம்.

வேறு யார் பார்த்தது என்று அதிகாரி கேட்டதற்கு "என் சம்சாரம் இருந்தா" என்று சொல்லிவிட்டு, என்னை அழைத்துப் போக வீட்டுக்கு வந்தார். நான் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். "ஒரு வார்த்த சொன்னா போதும். உங்கண்ணன் ஆபீசுல இருக்கறவரு, எதுனா பண்ணி சமாளிச்சிக்குவாரு. நம்ம தறிய தூக்கிக்கினு போயிட்டா புள்ளைங்க இன்னா பண்ணும்" என்றார். வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பாங்குக்குள்ளே நான்கு பேர் இருந்தார்கள். அண்ணன் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தார், தன்னுடைய நாற்காலியில் இல்லை. அதிகாரி என்னைத் தாயே என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் உங்க அண்ணன் கையில பணம் குடுத்ததா சொல்றார். நீங்க பார்த்தீங்களாம்மா?"

குடுத்தார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. குடுக்கவில்லை என்று சொல்லவும் நான் வாயைத் திறக்கவில்லை. "நான் அடுப்பண்ட இருந்தேங்க. பாக்கல" என்றேன். பொய் சொல்லவில்லை என்று அன்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். சொன்னது முழுப் பொய். சான்று எழுதிய அன்று நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தவள். அதிகாரி இன்னொரு முறை கேட்கப் போனார். அண்ணன்தான் குறுக்கே புகுந்து, "போதும் சார், என் தங்கச்சி வாழற வூடு, விட்டுடுங்க" என்றார். அதிகாரி கேள்வியை நிறுத்திவிட்டு எதையோ எழுதினார்.

அண்ணன் தன் இரண்டு தறிகளில் ஒன்றையும் அண்ணியின் வளையல்களையும் விற்று அந்தப் பாக்கியைத் தானே கட்டினார். கட்டிய அன்றே வேலையை ராஜினாமா செய்தார். தான் வாங்கியது என்று ஒத்துக்கொண்டுதானே கட்டினார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. "செகரட்டரியே எடுத்துட்டாராமே" என்று டீக்கடையில் பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெரிய பாங்கு வந்தபோதும் அசையாமல் மிச்சம் நின்ற ஜனங்கள், டிராப்டுக்கும் மின்விசிறிக்கும் மயங்காத ஜனங்கள், அந்தப் பேச்சு பரவியதும் வரிசையில் நின்று பணத்தை எடுத்தார்கள். கூட்டுறவு பாங்கு எதனால் தோற்றது என்று இப்போதும் சிலர் வட்டியையும் சட்டத்தையும் சொல்லி வாதம் செய்கிறார்கள். அந்தப் போட்டியில் வட்டியால் நாங்கள் தோற்கவில்லை. யாரையும் தெரியாத பாங்கு, யாரிடமும் ஏமாறாமல் காகிதத்தைப் பார்த்து நடந்துகொண்டது. எல்லோரையும் தெரிந்த பாங்கை, மிக நன்றாகத் தெரிந்தவர்களே கவிழ்த்துவிட்டோம்.

ஒருவர் மட்டும் வீடு தேடி வந்தார், அது பெரிய பாங்கு மேனேஜர். மாற்றல் ஆகிப் போகும் முன் சொல்லிக்கொள்ள வந்தேன் என்றார். "நான் உங்க கையெழுத்தைத்தான் சார் நம்பினேன்" என்று அவர் சொன்னபோது குறை சொல்கிறாரா ஆறுதல் சொல்கிறாரா என்று அண்ணிக்கு விளங்கவில்லையாம். அண்ணனுக்கு விளங்கியிருக்கிறது. "உங்கள சங்கடத்துல உட்டுட்டேன் சார், மன்னிச்சிக்கோங்க" என்று எழுந்து நின்றாராம். தனக்கு எதிராகக் கடை போட்டவரிடம் அண்ணன் மன்னிப்புக் கேட்டார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாங்கள் யாரும் அந்தப் படி ஏறவில்லை.

அதன் பிறகு அண்ணன் மறுபடி தறிக்குழியில் இறங்கினார். இருபது வருஷம் பேனா பிடித்த கை, முதலில் இழை அறுந்துகொண்டே இருந்ததாம். கூலிக்கு நெய்தார். பிள்ளைகள் இரண்டு பேரையும் அதிலேயே படிக்க வைத்தார். தன் கையிருப்பு எவ்வளவு குறைந்தாலும் அதைப் பேருக்கு நடந்துகொண்டிருந்த நம்ம பாங்கிலேயே வைத்திருந்தார். புதுசாக வந்த குமாஸ்தா அவருக்கு ரசீதை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுப்பானாம், அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் பொங்கல் சீர் வராது என்று நான் நினைத்தேன். வரக் கூடாது என்றுகூட நினைத்தேன். போகி அன்று மஞ்சள் கொத்து, கரும்பு, வெல்லம், புடவை எல்லாவற்றோடும் வந்து நின்றார். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் தவறவில்லை. என் கணவரை எப்போதும் போல மாப்பிள்ள என்றே கூப்பிட்டார். என் கணவர் ஒவ்வொரு முறையும் ஏதோ வேலை இருப்பது போல வெளியே போய்விடுவார். இரண்டாம் வருஷம் நான் தைரியம் வரவழைத்துக்கொண்டு, "அண்ணா, அன்னிக்கு நான் ஆபீசுல..." என்று தொடங்கினேன். அவர் கரும்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டே, "நீ அடுப்பண்டதான இருந்த. அப்பறம் எப்டிம்மா பாத்துருப்ப" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் என்னைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொய்யைத் தானும் எடுத்துக்கொண்டுவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை என்னால் எடுக்க முடியவில்லை.

போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து படுத்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். தேறிவிடுவார் போல இருந்து வீட்டுக்கு வந்தார், வந்த ஐந்தாம் நாள் மத்தியானம் கஞ்சி கேட்டார், அண்ணி ஆற்றிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். கடைசி வாரத்தில் நான் தினமும் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுப்பார், திட்டுவார், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் என் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார், மாடியில் மழை ஒழுகுகிறதா என்று கேட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுக் காசு வாங்காமல் போன கம்பவுண்டருக்கும் நன்றி. அண்ணனைப் பாடையில் தூக்கியது உறவுக்காரர்கள் அல்ல, சான்று வாங்கிய அந்தப் பதினொரு வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஊர் தன்னை என்ன சொன்னாலும் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போய்வந்த அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வாரா என்று தெரியவில்லை. இந்த மலருக்குக் காகிதச் செலவை ஏற்றுக்கொண்டவர் என் கணவர், அவருக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "அந்த எடத்த மட்டும் எடுத்துடு. புள்ளைங்களுக்கு நாளைக்கு சம்மந்தம் பேச வருவாங்க" என்றார். நான் எடுக்கவில்லை. என்னை விட்டுவிடச் சொல்லி அன்று அதிகாரியிடம் கேட்க எனக்கு ஓர் அண்ணன் இருந்தார், இன்று இல்லை. அதிகாரி எங்கே மாற்றலாகிப் போனாரோ தெரியாது. அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை, பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

பாத்தேங்க. அவுங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் நின்னுக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு பணம் எதுவும் குடுக்கல. எங்கண்ணன் எதையும் வாங்கிக்கினு போகல.